எடையை விடுங்கள், நரம்பைச் சொல்லுங்கள்

தூத்துக்குடிக் கடலில் பிடித்த பெரிய பாரையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து ஒருவர் அனுப்பினால், பார்ப்பவர்கள் முதலில் கேட்பது ‘எத்தனை கிலோ?’ என்றுதான். விளையாட்டைப் பற்றி எழுதுகிறவன் கேட்க வேண்டியது வேறு. எத்தனை கிலோ தாங்கும் தூண்டில் நரம்பில் பிடித்தீர்கள்? மீன் ஓடியபோது உங்களைத் தவிர யாராவது ராடைத் தொட்டார்களா? கடைசியில் மீன் என்ன ஆனது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அதை ஓர் ஆட்டமாக எடுத்து அலச முடியும்.

சிவகிரியில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் இருக்கிறது. இங்கே மேற்கே மலை. கடலைப் பார்க்க சங்கரன்கோவில், கோவில்பட்டி தாண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தூண்டில் புதிதில்லை. மழைக்குப் பிறகு குளம் பெருகினால் தக்கையும் மண்புழுவுமாகக் கரையில் உட்கார்ந்தவர்கள்தாம். கெண்டை, கெளுத்தி பிடித்து, விராலுக்குத் தவளை கோத்துப் பழகியவர்களில் சிலர் இப்போது ரீல் வைத்த ராடோடு லீவு நாளில் தூத்துக்குடிக்கு வண்டியேறுகிறார்கள். நாமே சின்னதாக ஒரு ஃபைபர் படகு வாங்கிவிட்டால் என்ன என்ற பேச்சும் வருகிறது. அந்தப் பேச்சு சங்கத்தில் தொடங்கி, பிறகு படகுக்கு வர வேண்டும் என்பது என் கட்சி.

குளத்துத் தூண்டிலைக் குறைவாக யாரும் நினைக்க வேண்டாம். சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த எச். எஸ். தாமஸ், 1873-இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். 1887-இல் ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்று குளத்துத் தூண்டிலுக்கென்றே தனியாக இன்னொன்று எழுதினார். மீன் இரையை முகர்கிறதா விழுங்குகிறதா என்பதை விரல் நுனியில் அறிகிற பயிற்சி குளத்தங்கரையில்தான் வருகிறது. அந்த விரல் கடலிலும் உதவும். ஆனால் குளத்தில் பழகிய கை ஒரு விஷயத்தில் கெடுக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பாரையை எடுத்துக்கொள்வோம். முள் மாட்டியதும் அது அடியில் இருக்கிற பாறைத் திட்டான பாருக்குள், கல்லுக்குள் புகப் பார்க்கும். அந்த முதல் ஓட்டத்தில்தான் பெரும்பாலும் ஆட்டம் முடிவாகிறது. ரீலின் இறுக்கத்தைக் கூட்டி வைத்தவருக்கு நரம்பு அறும். தளர்த்தி வைத்தவருக்கு மீன் கல்லை அடைந்து, கல் நரம்பை அறுக்கும். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறுக்கம் வைப்பது அனுபவஸ்தர்களின் கணக்கு. பத்து கிலோ நரம்பென்றால் இரண்டரை, மூன்று கிலோ. இதைக் கையால் இழுத்துப் பார்த்துக் குத்துமதிப்பாக முடிவு செய்வதில்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். கரையிலேயே சுருள்வில் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டுப் படகில் ஏறலாம்.

நெய்மீன் வேறு மாதிரி. அதன் பல் நரம்பைக் கத்தரித்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேல் கம்பி போட வேண்டும். மயில் மீன் தண்ணீருக்கு வெளியே எகிறித் தலையை உதறும். அந்த நொடியில் ராடைத் தாழ்த்தி நரம்புக்குக் கொஞ்சம் தளர்வு கொடுப்பவரிடம் மீன் தங்கும். இழுத்துப் பிடிப்பவரிடம் முள் மட்டும் திரும்பி வரும். களவா ஆழத்தில் இருப்பது. அதை வேகமாக மேலே இழுத்தால் உள்ளே இருக்கும் காற்றுப்பை ஊதி, வயிறு வாய் வழியாகப் பிதுங்கிவிடும். அப்படி வந்த மீனைக் கடலில் விட்டாலும் அது அடிக்குப் போக முடியாமல் மிதந்தே சாகும். எடை கட்டி ஆழத்துக்கு இறக்கி அங்கே விடுவிக்க ஒரு முறை உண்டு. அது தெரியாதவர் ‘பிடித்து விட்டுவிட்டேன்’ என்று சொல்வதில் பொருள் இல்லை.

இப்போது குளத்துப் பழக்கத்துக்கு வருகிறேன். தக்கை அமிழ்ந்ததும் வெடுக்கென்று சுண்டுவது நம் கையில் ஊறிப்போனது. மீனை உயிரோடு விட நினைப்பவர்கள் உயிர் இரைக்குப் பயன்படுத்துவது நுனி உள்நோக்கி வளைந்த முள். அதில் சுண்டினால் முள் வாயைவிட்டு வெளியே வந்துவிடும். சுண்டாமல் நிதானமாக நரம்பைச் சுற்றினால், முள் தானாகவே நகர்ந்து வாயோரத்தில் மாட்டும். குடலில் தைக்காது. இருபது வருடப் பழக்கத்தைக் கையிலிருந்து கழற்றுவது எந்த விளையாட்டிலும் கடினமான பயிற்சி. குளத்திலிருந்து கடலுக்குப் போகிற நம் ஆட்களின் திறமையை நான் இந்த இடத்தில்தான் மதிப்பிடுவேன்.

கிலோவை மட்டும் பார்ப்பதில் என்ன தவறு? 1953 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெரு நாட்டின் காபோ பிளாங்கோ கடலில் ஆல்ஃபிரட் கிளாசெல் என்ற அமெரிக்கர் 1,560 பவுண்டு எடையுள்ள கருப்பு மார்லின் ஒன்றை ராடும் ரீலும் கொண்டு பிடித்தார். எழுநூறு கிலோவுக்கு மேல். அந்தச் சாதனை இன்றுவரை நிற்கிறது. அந்தக் கடலும் அந்தப் படகும் வாய்க்காத ஒருவருக்கு அந்த எண்ணால் பயன் இல்லை. 1939-இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. சாதனைகளை நரம்பின் வலுவைக் கொண்டு வகை பிரிக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு, பத்து, பதினைந்து கிலோ என்று அந்த வகைகள் மேலே போகின்றன. நரம்பின் வலுவைப்போல் ஐந்து மடங்கு, பத்து மடங்கு, பதினைந்து மடங்கு, இருபது மடங்கு எடையுள்ள மீனைப் பிடித்தவர்களுக்குத் தனி அங்கீகாரமும் உண்டு. நான்கு கிலோ நரம்பில் இருபது கிலோ பாரை என்றால் ஐந்து மடங்கு. இந்தக் கணக்கில் தூத்துக்குடி வள்ளத்தில் நிற்கிறவரும் பெருவின் சொகுசுப் படகில் நிற்கிறவரும் ஒரே தராசுக்கு வருகிறார்கள். போராட்டத்தின்போது வேறு யாரும் ராடையோ ரீலையோ தொட்டால் அந்தப் பிடி செல்லாது. படகில் வைத்து நிறுத்த எடையும் செல்லாது. கரைக்கு வந்து சான்று பெற்ற தராசில் நிறுத்த வேண்டும். பிடித்த நரம்பின் மாதிரியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இத்தனை கெடுபிடி இருப்பதால்தான் அந்தப் பட்டியலை உலகம் நம்புகிறது.

இந்தக் கெடுபிடி ஒரு சின்ன ஊர்ச் சங்கத்தில் பிறந்தது என்பது நமக்கு உற்சாகம் தர வேண்டிய செய்தி. கலிஃபோர்னியாவின் கேட்டலினா தீவில் சார்லஸ் ஃபிரடெரிக் ஹோல்டர் என்பவர் 1898-இல் 183 பவுண்டு சூரை ஒன்றை ராடால் பிடித்தார். தடித்த கைக்கயிறுகளால் மீன்களை வகைதொகை இல்லாமல் இழுத்துப் போட்டு வீணாக்குவதைக் கண்டு மனம் பொறுக்காதவர் அவர். அதே ஆண்டில் அவலான் ஊரில் டூனா கிளப்பைத் தொடங்கினார். மெல்லிய நூலில், தனி ஆளாகப் போராடிப் பிடித்தால்தான் சங்கத்தின் பதக்கம் என்பது விதி.

நம் பக்கத்திலேயே இதைவிட ஆழமான பாடம் இருக்கிறது. காவிரியின் மஹ்சீர், உலகத் தூண்டில்காரர்களைக் கர்நாடகத்துக்கு இழுத்த மீன். 1946-இல் மைசூருக்குப் பக்கத்தில் கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு. காவிரிக் கரையில் கலிபோரே முகாமில் தூண்டில் போட்டவர்கள், பிடித்த ஒவ்வொரு மீனையும் இனம், எடை, நேரம் என்று எழுதி வைத்து ஆற்றிலேயே விட்டார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவேடுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு திடுக்கிட வைத்தது. மொத்த மஹ்சீர் எண்ணிக்கை கூடியிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ஆறு செழிப்பாக இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் கூடியது வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர். காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போனது. கிடைத்த ஒன்றிரண்டின் சராசரி எடை மட்டும் ஏறியது. அதாவது கிழடுகள் மிஞ்சின, குஞ்சுகள் சேரவில்லை. 2018-இல் அந்த மீன் முற்றழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட்டவர்களின் நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் அந்தச் சரிவை இவ்வளவு துல்லியமாகக் காட்டியிருக்க முடியாது. எடை கூடியதைப் பார்த்து மகிழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

படகுக்கு வருவோம். வாங்குகிற காசு தொடக்கச் செலவுதான். வெளிப்புற இன்ஜினை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவாவிட்டால் உப்பு அரித்துவிடும். தண்ணீரிலேயே கிடக்கும் படகின் அடியில் சிப்பி ஒட்டும். நிறுத்த இடம் வேண்டும், காவல் வேண்டும், பதிவும் அனுமதியும் வேண்டும். சிவகிரியில் இருக்கும் ஒருவர் மாதம் இரண்டு முறை போனாலே பெரிது. மிச்ச நாளெல்லாம் படகு வெயிலில் காயும். ஆறு பேர் ஆறு படகு வாங்குவதைவிட ஒரு சங்கத்தின் பெயரில் ஒரு படகு வாங்குவது புத்திசாலித்தனம். கூடவே, தெரிந்த ஒருவர் கரையில் இருந்து ‘எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்?’ என்று கேட்டு எழுதிக்கொள்வார். தனிப் படகுக்காரரிடம் அப்படிக் கேட்க ஆள் இல்லை.

படகுக்குச் சங்கம் வைப்பது நம் கரைக்குப் புதிதில்லை. சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் தொடங்கியது. தொடங்கியவர் துறைமுக டிரஸ்டின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். டோக்கியோ ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன், சென்னையில் ஒரு கோடை முகாமில் படகு பழகத் தொடங்கியவர். கோடை முகாமுக்கு வருகிற பிள்ளை சொந்தப் படகோடு வருவதில்லை. சங்கங்கள் இருந்ததால்தான் அந்தப் படகு அங்கே இருந்தது.

கடலுக்குக் கிளம்பும் முன் காற்றைப் பார்க்க வேண்டும். அதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஜூன் மாதத்தில் குற்றாலத்தில் சாரல் விழுகிறது, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று தள்ளுகிறது என்றால், அதே தென்மேற்குக் காற்றுதான் மன்னார் வளைகுடாவையும் கலக்கிக்கொண்டிருக்கும். மீனவர்கள் அதைக் கச்சான் என்பார்கள். சாரல் நன்றாக இருக்கிற வாரத்தில் கடல் பயணத்தை ஒத்தி வைத்துவிடலாம். கண் மட்டும் போதாது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை முன்னறிவிப்பும், காற்றே இல்லாமல் தூரத்திலிருந்து வந்து கரையை அடிக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கையும் தருகிறது. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு. உயிர்காப்பு அங்கியைப் படகின் மூலையில் போட்டு வைக்காமல் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

எங்கே தூண்டில் போடுகிறோம் என்பதும் ஆட்டவிதியில் சேரும். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை நீளும் இருபத்தொரு தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அவற்றில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. இன்னொன்றான வான் தீவு கரைவதைத் தடுக்கச் செயற்கைப் பவளத் திட்டுகளை இறக்கியிருக்கிறார்கள். அந்தத் தீவுகளைச் சுற்றிய பார்களில் மீன் அதிகம் என்று யார் ஆசை காட்டினாலும் போகக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. நாட்டுப்படகுகளுக்கு அது இல்லை. ஆனாலும் பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறவர்களே வலையைச் சுருட்டி வைக்கிற நாட்களில் பொழுதுபோக்குக்குப் போகிறவர்கள் ராடை நீட்டுவது நியாயமில்லை. சங்கம் அந்த இரண்டு மாதங்களையும் தானே மூடி வைக்க வேண்டும்.

மீனவர்களிடம் இருந்து கற்காமல் இந்த விளையாட்டு நம் கடலில் வேர்விடாது. திரேஸ்புரம் கரையில் வள்ளம் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சிக்கு எந்தப் பார் எந்த ஆழத்தில், எந்த நீரோட்டத்தில் எந்த மீன் என்பது தெரியும். ஒரு நாள் அவர் வருமானம் எவ்வளவோ அதைப் பேரம் பேசாமல் கொடுத்து அவரையே தலைவராக ஏற்றிக்கொண்டு போவதுதான் முறை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கரையில் ஞாயிறு பூசைக்கும் ஓய்வுக்குமான நாள். நமக்கு லீவு என்பதற்காக அவர்களின் ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கக் கூடாது. சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். பிடித்ததைக் கரையில் விற்கவும் கூடாது. விற்கத் தொடங்கினால் அவர்களுடைய சந்தையில் நாம் போட்டிக்கு நிற்கிறோம்.

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கத்தில் தூண்டில் பிடிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மழைக்குக் குளம் நிறைந்ததும் ஆறேழு பேர் சேர்ந்து ஒரு நோட்டைத் திறங்கள். தேதி, குளம், மீன், நீளம், நரம்பின் வலு, விட்டீர்களா வைத்துக்கொண்டீர்களா என்று ஆறு கட்டம் போதும். ஒரு பருவம் விடாமல் எழுதுங்கள். அப்படி எழுதி முடித்த குழு, கச்சான் அடங்கிய பிறகு ஒரு வள்ளத்தை வாடகைக்குப் பேசி அதே நோட்டோடு கடலுக்குப் போகட்டும். இரண்டு பருவம் நோட்டு நின்றால் படகு வாங்குவதைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன் யாராவது படகு விலை கேட்டுக்கொண்டு வந்தால், நோட்டு எங்கே என்று கேளுங்கள்.