அந்தி ஒளியும் அழிக்கப்பட்ட குஞ்சும்

நெல்லை மாவட்டம் நாங்குநேரியை அடுத்த கூந்தன்குளத்தில் தாம் எடுத்த நீர்ப்பறவைப் படங்கள் பன்னிரண்டை, நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் அண்மையில் கொண்டுவந்து காட்டினார். அனைத்தும் அந்தி ஒளியில் எடுத்தவை. அவற்றுள் ஒன்றை, மஞ்சள் மூக்கு நாரை தனித்து நிற்கும் படத்தை, நாம் மனமாரப் பாராட்டினோம். அப்பாராட்டில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இவ்வரிகளை எழுதுகிறோம்.

இளைஞரின் கைத்திறனில் நமக்கு ஐயமில்லை. கரையில் படுத்து, நீர்மட்டத்துக்கே கருவியைத் தாழ்த்தி எடுத்திருக்கிறார். நாரை நம் உயரத்துக்கு வந்துவிடுகிறது. இருண்ட நீரின் நடுவே வெள்ளிறகு இருந்தால், கருவி இருளையே கணக்கிட்டு ஒளியை மிகுதியாக வாங்கிவிடும். அப்படி வெளுத்துப்போன இறகை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. அதை அறிந்து ஒளியைக் குறைத்திருக்கிறார். இறகின் ஒவ்வொரு நரம்பும் தெரிகிறது.

எடுத்த படத்தில் கைவைப்பதே பொய் என்பார் உளர். நாம் அக்கட்சியினர் அல்லோம். சாயும் கதிரவனின் ஒளி நெடுந்தொலைவு காற்றைக் கடந்து வருகையில் நீலம் சிதறி, செம்மையே எஞ்சுகிறது. கருவியின் தானியங்கி நிறச்சமன் அச்செம்மையைப் பிழையென்று கருதி நண்பகல் வெள்ளையாக்கப் பார்க்கும். கண் கண்ட அந்தியை மீட்கவே திருத்தம் வேண்டியிருக்கிறது. படச்சுருள் காலத்திலும் இருட்டறையில் ஓரிடத்தைக் கருக்கி, ஓரிடத்தை வெளுப்பாக்கியே அச்சிட்டனர். மா. கிருஷ்ணன் (1912–1996) கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். நிறமே இல்லாத அப்படங்களை நாம் பொய்யென்று சொல்வதில்லை அன்றோ?

ஆனால் கூழைக்கடாப் படங்கள் நான்கில் செம்மை அளவு மீறிவிட்டது. நம் குளங்களில் கூடு கட்டும் கூழைக்கடா சாம்பல் நிறத்தது. மேலலகின் ஓரத்தில் நீலப் புள்ளிகள் உடையது. இப்படங்களிலோ அது ரோஜா நிறமாகி, இளஞ்சிவப்புச் சாயலுள்ள வெள்ளைக் கூழைக்கடா என்னும் வேறொரு பறவையாகத் தோன்றுகிறது. அலகுப் புள்ளிகளைக் காணோம். நாரைப் படத்திலும் இதே இழப்பு உண்டு. மஞ்சள் மூக்கு நாரையின் வால்புறம் படியும் சிறகுகளில் இயற்கையாகவே ஓர் இளஞ்சிவப்பு உண்டு. வானும் நீரும் சேறும் அதே நிறம் பூண்டுவிட்டபின், பறவை தன்னுடையதென்று வைத்திருந்த நிறம் கண்ணில் படுவதில்லை.

இவையெல்லாம் அளவு பற்றிய பிழைகள். அடுத்த முறை கை தணியும். நம்மை உறுத்தியது வேறு.

நாரை தலையை இடப்புறம் தாழ்த்தி நிற்கிறது. அப்பார்வையில் ஒரு தியானம் இருப்பதாக நாம் வியந்தோம். நம் போன்றோருக்கு எதிலும் தியானம் தெரிவது எளிது! மூலப்படத்தைக் காட்டும்படி கேட்டோம். இடது மூலையில், சேற்றில், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு ஒன்று சிறகு விரிந்து கிடந்தது. நாரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தன் குஞ்சோ, அயற்குஞ்சோ, அறியோம். படத்தின் அமைதி கெடுகிறது என்று இளைஞர் அதை அழித்திருக்கிறார். இன்றைய மென்பொருள் அவ்விடத்தைச் சேற்றாலும் நீராலும் நொடியில் நிரப்பித் தந்துவிட்டது. விளைவாக, நாரை இப்போது எதையும் பார்க்கவில்லை. நாம் தியானம் என்று கண்டது அந்த வெறுமையைத்தான்.

கூந்தன்குளம் 1994ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பிருந்தே அவ்வூர் மக்கள் பறவைகளைப் பேணி வந்தவர்கள். வீட்டு முற்றத்து மரங்களிலும் அங்கே கூடுகள் உண்டு. தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்ப்பர். விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்ப்பர். அழகிய நாரையை எந்தக் குளத்திலும் படம் பிடிக்கலாம். விழுந்த குஞ்சோ அந்த ஊரின் கதையையே தன்னிடம் வைத்திருந்தது.

“அந்த மூலையையே வெட்டிவிட்டுச் சட்டமிட்டிருந்தால் தவறில்லையா, சாமி?” என்று கேட்டார் அவர். நல்ல கேள்வி, சற்றுத் தயங்கினோம். சட்டமிடும்போது வெளியே ஏதோ இருக்கிறது என்பதைப் பார்ப்பவர் அறிவர். குஞ்சு கிடந்த இடத்தில் சேற்றைப் பூசும்போதோ, அங்கே ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொல்கிறோம். இப்படித்தான் விடை கூறினோம். அவர் உடனே ஒப்பவில்லை.

ஒரு வாரம் கழித்து மூலப்படத்தையே அச்சிட்டுக் கொண்டுவந்தார். செம்மையும் தணிந்திருந்தது. ஆனால் இடது மூலை மிக இருண்டு, குஞ்சின் சிறகு சேற்றோடு கலந்துவிட்டது. அவ்விடத்தை மட்டும் சிறிது வெளுப்பாக்கித் தரும்படி கேட்டிருக்கிறோம்.