கண்டதும் கொண்டதும்: செல் கோட்பாடு பிறந்த விதம்

எல்லா உயிர்களும் செல்களால் ஆனவை, செல்லே உயிரின் அடிப்படை அலகு, ஒரு செல் இன்னொரு செல்லிலிருந்தே பிறக்கும். பள்ளிப் பாடத்தில் இந்த மூன்று வரியும் ஒரே மூச்சில் வரும். ஷ்லைடன், ஷ்வான், விர்ஷோ என்ற மூன்று பெயர்களும் கூடவே வரும். முதல் இருவரும் மூன்றாவது வரிக்கு நேர் எதிரானதை நம்பியவர்கள் என்பது மட்டும் வராது. அந்தத் தவறான நம்பிக்கையைத்தான் அவர்கள் தங்கள் கண்டுபிடிப்பின் உயிர்நாடியாகவே நினைத்தார்கள். அதுவும் ஏட்டைப் படித்து வந்த நம்பிக்கை அல்ல, நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்த்து வந்தது. கண்ணால் கண்டதே சாட்சி என்ற இந்த ஆய்வுப் பழக்கம் செல் கோட்பாட்டுக்கு எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்று பார்ப்பது பயனுள்ள வேலை.

கைகொடுத்த இடம் இராபர்ட் ஹூக். 1665இல் லண்டனில் வெளியான அவருடைய ‘மைக்ரோகிராஃபியா’வில் தக்கையைப் பற்றிய பகுதி சில பக்கங்கள்தான். பேனாக்கத்தியைச் சவரக்கத்தி போலத் தீட்டி, தக்கையிலிருந்து மிக மெல்லிய சீவல் ஒன்றை எடுக்கிறார். தக்கை வெளிர் நிறம் என்பதால் கறுப்புத் தட்டின் மேல் வைக்கிறார், ஒரு வில்லையால் வெளிச்சத்தைக் குவிக்கிறார். தெரிந்தவை சின்னச் சின்ன அறைகள். உடனே எண்ண ஆரம்பித்துவிடுகிறார். ஓர் அங்குலத்தின் 18இல் ஒரு பங்கு நீளத்தில் சுமார் 60 அறைகள். அப்படியானால் ஒரு கன அங்குலத்தில் 125 கோடிக்கும் மேல். தக்கை ஏன் மிதக்கிறது, ஏன் தண்ணீரை உறிஞ்சுவதில்லை, அழுத்திவிட்டால் ஏன் பழைய அளவுக்குத் திரும்புகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும், காற்று அடைபட்ட இந்த அறைகளைக் கொண்டே விடை சொல்கிறார். உயிருள்ளதை விட்டுவிட்டு வெறும் செத்த சுவரைப் பார்த்தவர் என்று அவரைக் குறைத்துச் சொல்வது வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பச்சைச் செடிகளில் அந்த அறைகளுக்குள் சாறு நிறைந்திருப்பதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை, அவ்வளவுதான்.

டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லூவன்ஹாக் வேறு மாதிரி. அவர் தேய்த்துச் செய்த ஒற்றை வில்லைக் கருவிகளுக்கு அக்காலத்தில் ஈடே இல்லை. எஞ்சியிருப்பவற்றில் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஆனால் சிறந்த கருவிகளையும் பார்க்கும் முறையையும் யாரிடமும் பகிரவில்லை. மிளகு ஊறவைத்த நீரில் நுண்ணுயிர்களைக் கண்டதாக 1676இல் எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டியில் சந்தேகம் எழுந்தபோது, பாதிரியார் உள்ளிட்ட ஊர்ப் பெரியவர்களிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். விவகாரம் தீர்ந்தது அந்தக் கடிதங்களால் அல்ல. 1677இல் ஹூக் தானே கருவி செய்து, தானே மிளகு நீரை ஊறவைத்துப் பார்த்ததால்தான் தீர்ந்தது. எட்டுப் பேர் எழுதிய கடிதத்தைவிட, வேறொரு மேசையில் நடந்த ஒரு மறுசோதனைக்கு எடை அதிகம்.

அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் அப்படி மறுபடி சோதித்துப் பார்க்கும் ஆள் கிடைக்காத இடங்களில் கண் என்னென்னவோ காட்டியது. 1823இல் பிரான்சின் மில்ன்-எட்வர்ட்ஸ், விலங்குத் திசுக்கள் எல்லாமே ஒரே அளவிலான உருண்டைகளால் ஆனவை என்றார். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் 300இல் ஒரு பங்கு. கேட்பதற்குச் செல் கோட்பாடு மாதிரியே இருக்கிறது! ஆனால் அந்த உருண்டைகளில் பெரும்பாலானவை திசுவில் இல்லை, கண்ணாடியில் இருந்தன. அக்கால வில்லைகள் ஒளியைச் சிதறடித்ததால் எதைப் பார்த்தாலும் ஓரங்கள் வட்டமாகத் தெரிந்தன. லண்டனில் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் என்ற ஒயின் வணிகர் அந்தப் பிழையைத் திருத்தும் வில்லைகளை அமைத்து, மருத்துவர் ஹாட்கினுடன் சேர்ந்து 1827இல் தசையையும் மூளையையும் இரத்தத்தையும் மறுபடி பார்த்தார். சொன்னபடி உருண்டைகள் இல்லை.

1838இல் ஷ்லைடன் தாவரங்களைப் பற்றியும், 1839இல் ஷ்வான் விலங்குகளைப் பற்றியும் எழுதியவை இந்த நல்ல கண்ணாடிகளுக்குப் பிறகு வந்தவை. பிழை நேர்ந்தால் கண்ணாடியின் மேல் பழியைப் போட முடியாது. செல்லுக்குள் இருக்கும் கூழ்போன்ற திரவத்தில் முதலில் உட்கரு திரள்கிறது, அதைச் சுற்றிப் புதிய செல் வளர்கிறது என்பது ஷ்லைடனின் முடிவு. பாகில் கற்கண்டு விளைவது போன்ற நிகழ்வாக அதைப் புரிந்துகொள்ளலாம். ஷ்வானும் படிகத்தைத்தான் உவமை காட்டினார், ஆனால் விலங்குகளில் அது பெரும்பாலும் செல்லுக்கு வெளியே நடக்கிறது என்றார்.

ஷ்லைடன் கற்பனை செய்யவில்லை. அவர் உற்றுப் பார்த்தது விதை உருவாகும் கருப்பையின் உட்பகுதியை. பல தாவரங்களில் அங்கே முதலில் உட்கருக்கள் மட்டும் திரவத்தில் பெருகும், செல் சுவர்கள் பின்னால்தான் எழும். நாம் குடிக்கும் இளநீர் அந்த வகைத் திரவமே. சுவரில்லாத உட்கருக்கள் அதில் மிதக்கின்றன. ஓட்டின் உட்புறத்தை ஒட்டிச் செல்கள் அமைந்து வழுக்கையாகின்றன. ஆக, அவர் கண்டது உண்மை. தாவர உலகில் விதிவிலக்கான ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு அதைப் பொதுவிதி ஆக்கியதுதான் பிழை. இன்னொன்றும் உண்டு. அறுத்து வைத்த துண்டுகளில் எது முந்தியது, எது பிந்தியது என்று எழுதியிருக்காது. அசையாத காட்சிகளை அடுக்கி வரிசைப்படுத்துவது பார்ப்பவர் வேலை. அந்த வரிசையில் கோட்பாடு புகுந்துவிடும். 1832இல் தூமோர்த்தியேவும் 1835இல் ஃபான் மோலும் பாசி இழைகளில் செல் இரண்டாகப் பிரிவதை ஏற்கெனவே விவரித்திருந்தார்கள். ஷ்லைடன் அதற்கு உரிய எடையைத் தரவில்லை. தாவரவியல் தரவிலிருந்து விதிக்குப் போகவேண்டும் என்று தன் பாடநூலில் நீண்ட முன்னுரையே எழுதியவர் அவர்.

ஷ்வானிடம் எனக்கு மதிப்பு அதிகம். குருத்தெலும்பு, முதுகுநாண், நகம், இறகு, பல், தசை, நரம்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து, முதிர்ந்த நிலையில் எப்படி இருந்தாலும் கருவில் அது உட்கருவுள்ள செல்லாகத் தொடங்குகிறதா என்று கேட்டார். வடிவத்தை வைத்து அல்ல, வளர்ச்சியை வைத்து ஒப்பிட்டது அவருடைய பெரிய நகர்வு. திசுக்களை ஐந்து வகையாகப் பிரித்த அவருடைய பட்டியலில் இரத்தமும் எலும்பும் ஒரே தத்துவத்தின் கீழ் வந்துவிட்டன. ஆனால் அந்த ‘ஒரே தத்துவம்’ என்று அவர் சொன்னது செல் படிகம்போல் விளையும் முறையை. நாம் இன்று கொண்டாடும் பாதி அவருக்கு வெறும் முன்னேற்பாடு. அவர் கொண்டாடிய பாதியை நாம் தூக்கி எறிந்துவிட்டோம். கட்டடத்தை இடிக்காமல் அடித்தளத்தை மாற்ற முடிந்தது இந்தக் கோட்பாட்டின் அதிர்ஷ்டம்.

மாற்றியவர் ராபர்ட் ரெமாக். கோழிக் கருவில் இரத்தச் செல்கள் இரண்டாகப் பிரிவதை 1841இலேயே விவரித்தவர். பிறகு பத்தாண்டுகள் போலத் தவளை முட்டை. முட்டையைக் கெட்டிப்படுத்தும் திரவங்களைத் தேடிப் பிடித்து, பிளவின்போது செல்லின் சவ்வு தெளிவாகத் தெரியும்படி செய்தார். பிரிந்த செல் மறுபடி பிரிவதைப் படிப்படியாகத் தொடர்ந்த பிறகே, 1852இல், செல்லுக்கு வெளியே செல் விளைகிறது என்ற கதையை மறுத்தார். ஷ்லைடனின் அவசரத்துக்கு இதுதான் பதில். யூதரான அவர் மதம் மாற மறுத்ததால் பெர்லினில் முழுப் பேராசிரியர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை.

புகழ் போனது ருடால்ஃப் விர்ஷோவுக்கு. செல்லிலிருந்தே செல் என்பதை 1855இல் லத்தீனில் சுருக்கமாகச் சொன்னார். ரெமாக்குக்கு உரிய இடத்தைத் தரவில்லை. 1858இல் இருபது சொற்பொழிவுகளாக வந்த ‘செல்சார் நோயியல்’ மருத்துவத்தையே திருப்பிப் போட்டது. கட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் செல்களைப் பார்த்து நோயைச் சொல்லும் இன்றைய நடைமுறை அந்த மரபில் வளர்ந்தது. ஆனால் பொதுவிதியின் மேல் அவருக்கிருந்த பிடிப்பு சான்றின் அளவை மீறியது. புற்றுநோய்க் கட்டிகள் இணைப்புத் திசுவிலிருந்து கிளம்புகின்றன என்றார். பல புற்றுகளின் ஊற்று மேற்படலச் செல்கள் என்று 1865இல் டியர்ஷ் காட்ட வேண்டியிருந்தது. நோயின் வேர் செல்லுக்குள் என்று நம்பியவருக்கு, வெளியிலிருந்து வரும் கிருமியே காரணம் என்ற வாதம் எளிதில் செரிக்கவில்லை.

ஒரே காட்சியை இருவர் பார்த்து எதிரெதிர் முடிவுக்கு வந்த கதை இந்த வரலாற்றின் கடைசிச் சுற்றில் வருகிறது. 1873இல் இத்தாலியின் கோல்ஜி வெள்ளி உப்பால் நரம்புகளைக் கறுப்பாகச் சாயமேற்றும் முறையைக் கண்டார். அதில் பார்த்தவர் மூளை முழுதும் ஒட்டிப் பின்னிய வலை என்றார், அதாவது செல் கோட்பாடு அங்கே செல்லாது. ஸ்பெயினின் கஹால் அதே சாயத்தை வைத்துத் தனித்தனிச் செல்கள் என்றார். கஹாலின் கெட்டிக்காரத்தனம் கண்ணில் இல்லை, பொருளைத் தேர்ந்ததில் இருந்தது. முதிர்ந்த மூளையின் காட்டுக்குள் போகாமல், நரம்புகளின் கொழுப்புறை இன்னும் உருவாகாத குஞ்சுகளையும் கருக்களையும் எடுத்துக்கொண்டார். 1906இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு. கோல்ஜி தன் உரையிலேயே கஹாலின் கருத்தை மறுத்தார்.

உண்மையில் இருவராலும் அந்தச் சர்ச்சையைக் கண்ணால் தீர்த்திருக்க முடியாது. மில்லிமீட்டரில் சுமார் 5,000இல் ஒரு பங்கைவிடச் சிறிய இடைவெளியை அவர்களுடைய ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட இயலாது. நரம்புச் செல்களுக்கு இடையே உள்ள சந்து அதிலும் பத்தில் ஒரு பங்கு. 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி அந்தச் சந்தைக் காட்டியபோது கஹால் சொன்னது சரியானது. அதோடும் முடியவில்லை. 2023இல் அதே வகைக் கருவியால் சீப்பு ஜெல்லி எனப்படும் கடல் உயிரியின் நரம்பு வலையை ஆராய்ந்தவர்கள், அதில் நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே தொடர்ச்சியாக இருப்பதைக் கண்டார்கள்.