ஓரத்து நாற்காலி

விளையாட்டுக்கு நடுவே பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்ட மூன்று வயதுக் குழந்தையை என்ன செய்வது? அமெரிக்க மழலையர் பள்ளிகளில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் விடை, ‘டைம் அவுட்’. ஆட்டத்திலிருந்து விலக்கி, ஓரத்து நாற்காலியில் சில நிமிடம் உட்கார வைப்பார்கள். அடி இல்லை, வசவு இல்லை. பிரம்புக்கு இது எவ்வளவோ மேல். குழந்தையை அடிக்காதீர்கள் என்று 1998-இல் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் மாற்று வழிகளில் ஒன்றாக இதைக் காட்டியது.

ஆனால் இம்முறையின் ஆரம்பக் கதை ஒன்றில் பாதி மறந்துபோயிற்று. 1964-இல் உளவியலாளர் மான்ட்ரோஸ் வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் ‘டிக்கி’ என்று அழைத்த மூன்றரை வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார்கள். கண்புரை அறுவைக்குப் பின் கண்ணாடி போடாவிட்டால் பார்வைக்கே ஆபத்து. அவனோ அதைத் தொடவே மாட்டான், தன்னையே அடித்துக்கொண்டு கத்துவான். கத்தினால் தனியறை, அடங்கினால் கதவு திறக்கும். கூடவே இன்னொன்றும் நடந்தது: கண்ணாடியை எடுத்தால், முகத்தருகே கொண்டுபோனால் என்று ஒவ்வொரு படிக்கும் தின்பண்டம் கொடுத்தார்கள். டிக்கி கண்ணாடி போட்டுக்கொண்டான். தனியறை மட்டும் இருந்திருந்தால் கத்தல் குறைந்திருக்கலாம். கண்ணாடி மூக்கில் ஏறியிருக்குமா?

பள்ளிகளுக்குப் பரவியது பெரும்பாலும் தனியறைப் பாதிதான். கதை நேரம் சலித்துப்போன பிள்ளை பக்கத்தில் இருப்பவனைத் தள்ளுகிறான், நாற்காலிக்கு அனுப்பப்படுகிறான். அவன் கேட்டதே அதுதானே! நாளையும் தள்ளுவான்.

இதைவிட நல்ல வடிவம் 1976-லேயே வந்துவிட்டது. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளின் காப்பகத்தில் போர்ட்டர்ஃபீல்டு குழுவினர் சோதித்த ‘உட்கார்ந்து பார்’ முறை அது. செய்தது ஏன் தவறு, எப்படிக் கேட்டிருக்கலாம் என்று ஆசிரியர் சொல்வார். குழந்தை ஓரமாக இருந்து மற்றவர்கள் விளையாடுவதைப் பார்க்கும். பிறகு திரும்பி வந்து சரியாக நடந்தால் பாராட்டு. குழந்தையின் கவனத்தை வேறு பக்கம் திருப்பிச் சமாளிப்பதைவிட இதில் தொல்லை குறைந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஆசிரியர் குனிந்து பேச வேண்டும். கூட்டமான வகுப்பில் முதலில் கைவிடப்படுவது அந்தப் பேச்சுதான்.

தனிமை குழந்தையின் மனத்தைக் காயப்படுத்தும் என்று 2014-இல் மனநல வல்லுநர்கள் டேனியல் சீகலும் டினா பிரைசனும் எழுதியது பெரும் சர்ச்சையானது. வீடுகளில் இம்முறையைக் கையாண்ட பெற்றோரின் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு அப்படியொரு பாதிப்பைக் காணவில்லை. ஆகவே அந்தக் குற்றச்சாட்டு பலவீனமானது.

பலமான குற்றச்சாட்டு வேறு: நாற்காலியில் யார் உட்காருகிறார்கள்? 2016-இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம், மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில காணொளிகளைக் காட்டி, முரட்டுத்தனம் எங்கே எழுகிறது என்று கவனிக்கச் சொன்னார். அவற்றில் எந்தக் குழந்தையும் முரண்டு பிடிக்கவில்லை. ஆயினும் ஆசிரியர்களின் கண்கள் அவற்றில் இருந்த கறுப்பினச் சிறுவன் மீதே அதிக நேரம் நின்றன. குழந்தை அசைவதற்கு முன்பே பார்வை தீர்ப்பை எழுதத் தொடங்கிவிட்டால், எத்தனை நிமிடம் உட்கார வைப்பது என்ற விவாதம் எதைத் திருத்தும்?

நிமிடங்களை விட்டு வகுப்பைப் பார்க்கும் வழியும் உண்டு: கனெக்டிகட் மாநிலத்தில் மனநல ஆலோசகர் ஒருவர் வகுப்புக்கே வந்து ஆசிரியரோடு சில வாரம் வேலை செய்யும் திட்டம் இருக்கிறது. அடம் எப்போது எழுகிறது, அதற்கு முன் என்ன நடந்தது என்று இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். பிள்ளைகளின் முரட்டுத்தனம் குறைந்ததாக ஆசிரியர்களே மதிப்பிட்டிருக்கிறார்கள். அங்கே முதலில் மாறுவது வகுப்பை நடத்தும் விதம்.