'அந்த நாள்': ஒரு கொலை, ஐந்து வாய்

"பாட்டே இல்லாத படமா? எப்படிப்பா உட்கார்ந்து பார்க்கிறது?" சென்ற விடுமுறையில் குமுளி வீட்டில் 'அந்த நாள்' படத்தைப் போட்டபோது பிள்ளைகள் கேட்ட கேள்வி இது. 1954-இல் படம் வெளிவந்த காலத்திலும் பலர் இப்படித்தான் முகம் சுளித்தார்கள். மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது, வசூல்தான் கைகொடுக்கவில்லை.

ஏவி.எம். தயாரித்த இப்படத்தை இயக்கியவர் வீணை வித்வான் எஸ். பாலசந்தர். வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் வருகிறார். பாட்டு, நடனம், சண்டை மூன்றும் கிடையாது. சில அறைகள், மாருதி ராவின் ஒளிப்பதிவில் அவற்றை நிறைக்கும் நிழல், இவ்வளவே முதலீடு. 1943 அக்டோபரில் சென்னைமேல் ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயம். வானொலிப் பொறியாளர் ராஜன் (சிவாஜி கணேசன்) படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறான். அடுத்த வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, மனைவி என ஐந்து பேர் சொல்லும்போது ஐந்து ராஜன்கள் தெரிகிறார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர்மேல் கைகாட்டுகிறார்கள். அகிரா குரோசவாவின் 'ராஷோமோன்' (1950) படத்தின் சாயல் இதில் உண்டு என்பது அறிந்ததே.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். நடுப்பகுதியில் விசாரணை ஒரே தாளத்தில் நகர்ந்து சலிப்புத் தட்டுகிறது. அதைவிடப் பெரிய குறை முடிவில் இருக்கிறது. தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பில் ராஜன் எதிரிக்கு ஒற்றனாகிறான். அந்தக் கசப்பு நியாயமா என்று படம் நின்று யோசிக்கவில்லை. மனைவி உஷாவின் (பண்டரிபாய்) தேசபக்திப் பேச்சு அதை மூடிவிடுகிறது. துரோகி என்று தெரிந்ததும் அவன் தரப்பைக் கேட்கும் பொறுமை படத்துக்கே போய்விடுகிறது.

நம்மைப் போன்றவர்களுக்கு இது வெறும் சினிமா விஷயமல்ல. 1956-இல் மாநில எல்லை வகுத்தபோது பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தோடு நின்றன. ஏலத்தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் இங்கேயே தங்கின. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றி, கம்பத்திலிருந்து மலையேறும் பேருந்துகள் நின்றபோது, "நீங்க எந்தப் பக்கம்?" என்ற கேள்வி நம் வாசலுக்கும் வந்தது. இந்தப் பக்கமும் கேட்டார்கள், அந்தப் பக்கமும் கேட்டார்கள். பதில் சொல்ல யாரும் அவகாசம் தரவில்லை.

அதனால்தான் இப்படத்தின் முடிவைவிட அதன் விசாரணை முறை எனக்கு உசத்தியாகப் படுகிறது. ஐந்து வாயையும் கேட்காமல் அந்த அதிகாரி யாரையும் குற்றவாளி என்று சொல்வதில்லை. வாய்ப்புக் கிடைத்தால் குடும்பத்தோடு பாருங்கள். உஷா பேசத் தொடங்குமுன் படத்தை நிறுத்தி, "யார் செய்திருப்பாங்க? ஏன் அப்படி நினைக்கிறே?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று பேரைச் சொன்னார்கள், மூவரும் தவறு.