இல்ஃபோர்டில் ராமன் அடித்த கோல்

1948 ஜூலை 31. லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டு நகரின் கிரிக்கிள்ஃபீல்ட் மைதானத்தில் ஒலிம்பிக் கால்பந்தின் முதல் சுற்று. 30-வது நிமிடத்தில் கோல் போட்டு பிரான்ஸ் முந்தியது. 70-வது நிமிடத்தில் இந்தியா பதிலடி கொடுத்தது. அடித்தவர் சாரங்கபாணி ராமன், நம் பெங்களூருக்காரர். சுதந்திரம் அடைந்து ஒரு வருடம்கூட நிறையாத நாட்டின் முதல் ஒலிம்பிக் கோல் அது.

பெங்களூரின் ஆடுகோடியிலும் நீலசந்திராவிலும் ஆஸ்டின் டவுனிலும் பந்து உதைக்கும் பையன்களைக் கேளுங்கள். மெஸ்ஸியின் ஒவ்வொரு கோலையும் ஒப்பிப்பார்கள். ராமன் என்றால் யார் என்று தெரியாது. அது அவர்கள் குற்றமில்லை. நாம் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

அந்த ஆட்டத்தைப் பற்றி நமக்கு நினைவிருப்பதெல்லாம் வெறுங்கால்தான். அணியில் பெரும்பாலானோர் பூட்ஸ் இல்லாமல் ஆடினார்கள், 1-2 என்று தோற்றார்கள், கதை முடிந்தது. ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் கதை அப்படி இல்லை. இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன, இரண்டும் வீணாயின. பிரான்ஸின் வெற்றி கோல் விழுந்தது 89-வது நிமிடத்தில். இரண்டு பெனால்டியில் ஒன்று உள்ளே போயிருந்தாலே ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும்.

அந்த 89-வது நிமிடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் போட்டிகள் 90 நிமிடங்கள் நடந்ததில்லை. அதைவிடக் குறைந்த நேரத்துக்கே நம் வீரர்களின் மூச்சும் காலும் பழகியிருந்தன. ராமன் கோல் அடித்த நேரத்துக்குள் உள்ளூரில் பெரும்பாலான ஆட்டங்கள் முடிந்தே போயிருக்கும். அதற்குப் பிறகும் 20 நிமிடங்கள், அதுவும் முழு ஆட்டத்துக்குப் பழகிய ஐரோப்பிய அணிக்கு எதிராக ஓட வேண்டியிருந்தது. தோல்விக்குக் காரணம் பாதம் இல்லை, கடிகாரம் என்பதே என் கணிப்பு. பெனால்டியை வீணடித்ததும் பயிற்சிக் குறைதான்.

வெறுங்காலைக் குறையாக மட்டும் பார்ப்பதும் சரியில்லை. கணுக்காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு ஆடியவர்கள் பந்தை உள்ளங்காலில் அடக்குவார்கள், கட்டைவிரலால் திசை திருப்புவார்கள். குறுகிய பாஸுக்கும் டிரிப்ளிங்குக்கும் அது தோதான ஆட்டம். மழையில் ஊறிக் கனத்த தோல் பந்தும் எதிராளியின் பூட்ஸும்தான் அதற்கு எமன். 1952 ஒலிம்பிக்கில் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று வாங்கியபோது வெறுங்கால் ஆட்டத்தின் எல்லை தெரிந்தது. அதன் பிறகே பூட்ஸ் கட்டாயமானது. அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்த அகமது கானும் பெங்களூருக்காரர்தான்.

ராமன் தனி மரமும் இல்லை. லண்டன் சென்ற அணியில் அவரோடு அகமது கான், தன்ராஜ், பஷீர், வரதராஜ், வஜ்ரவேலு என்று இந்த ஊரின் ஒரு படையே இருந்தது. அதற்கு முன்பே, 1937-லும் 1938-லும் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைப் பெங்களூரு முஸ்லிம்ஸ் அணி தூக்கி வந்திருந்தது. 1946-ல் வங்காளத்தை வீழ்த்தி மைசூர் அணி சந்தோஷ் கோப்பையை வென்றது. கண்டோன்மென்ட் ராணுவ அணிகளோடு மோதி மோதி வளர்ந்த கால்பந்து இது.

இந்தத் திறமைக்கு என்ன கூலி கிடைத்தது? ஏட்டளவில் எல்லோரும் அமெச்சூர்கள். பந்தை நம்பிப் பிழைக்க வழியில்லை. நல்ல ஆட்டக்காரர்களைக் கல்கத்தா கிளப்புகள் அள்ளிக்கொண்டு போயின. தன்ராஜும் அகமது கானும் ஈஸ்ட் பெங்காலின் பஞ்ச பாண்டவர்களில் இருவர் ஆனார்கள். தெற்கிலிருந்து போன அந்த ஐந்து முன்கள வீரர்கள் இருந்த காலத்தில்தான் 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு அந்தக் கிளப்புக்கு வந்தது. ஊரோடு இருந்தவர்களுக்கு எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., ரயில்வே, காவல்துறை என்று அணி வைத்திருந்த இடங்களில் கிடைத்த வேலைதான் சம்பளம், பென்ஷன் எல்லாம். கால்பந்தைத் தொழில் என்று சொல்லிக்கொள்ள முடியாத காலத்தில் தொழில்முறை வீரனுக்குரிய உழைப்பைக் கொடுத்த தலைமுறை அது. 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணியின் அருமைநாயகம் வரை அந்த வரிசை நீண்டது.

அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில் பீலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கால்பந்தை நேசிக்கும் மக்கள் செய்த அருமையான காரியம். அதே அன்போடு ஆஸ்டின் டவுன் மைதானத்தில் ராமன் பெயரில் ஒரு கேலரியாவது வேண்டும். ஆடுகோடிப் பையன்கள் ஆடும் வயதுப் பிரிவுப் போட்டி ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்ட வேண்டும். மாநிலக் கால்பந்து சங்கம் மனம் வைத்தால் ஒரே கூட்டத்தில் முடிவாகும் விஷயம் இது.

பயிற்சியாளர்களுக்கும் இல்ஃபோர்டில் பாடம் இருக்கிறது. இன்றும் நம் அணிகள் கடைசிக் கட்டத்தில் கோல் வாங்கித் தோற்கும்போது அதிர்ஷ்டத்தைக் குறை சொல்கிறோம். கால் தளர்ந்த பிறகு பந்தை எப்படித் தக்கவைத்துக்கொள்வது, களைப்போடு பெனால்டி எப்படி அடிப்பது என்பதையெல்லாம் பையன்களுக்கு 14, 15 வயதிலேயே பழக்க வேண்டும். ராமனுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அவர் ஊரின் பிள்ளைகளுக்கு அதை அமைத்துக் கொடுக்க நமக்கு எந்தத் தடையும் இல்லை.