வில்லனின் உற்சாகம்

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சவடால் வைத்தி யாரையும் அடிப்பதில்லை. கத்தி எடுப்பதில்லை, ஆள் வைத்து மிரட்டுவதில்லை. பெண்ணைப் பணக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் தரகுதான் அவன் பிழைப்பு. சிங்கபுரம் மைனரிடம் ஒரு பேச்சு, நாட்டியக்காரி மோகனாவின் தாயிடம் இன்னொரு பேச்சு, மதன்பூர் மகாராஜாவிடம் வேறொரு பேச்சு. ஒவ்வொன்றும் பலிக்கும்போது வைத்தியாக நடித்த நாகேஷின் உடம்பெல்லாம் ஒரு துள்ளல் ஓடும். வரப்போகும் கமிஷனுக்காக மட்டும் இவ்வளவு பாடுபடுகிறவன் போல அவன் தெரிவதில்லை. நாக்கைக் கொண்டே ஓர் ஆளை வளைத்துவிட முடிகிறது என்பதில் அவனுக்கு அப்படியொரு கிறக்கம். 1968இல் வந்த படம். தன் வேலையை ரசித்துச் செய்யும் வில்லன்களில் வைத்தியைத் தாண்டிய ஒருவரைத் தமிழ் சினிமா இன்னும் படைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அவனுக்கு முன்னால் வில்லன்கள் ரசிக்கவில்லையா என்றால், ரசித்தார்கள். பி.எஸ். வீரப்பாவின் இடிச் சிரிப்பும் நம்பியார் கைகளைப் பிசைந்துகொள்ளும் விதமும் தலைமுறைகள் தாண்டி நினைவில் இருக்கின்றன. ஆனால் அவை நாடக மேடையிலிருந்து வந்தவை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் இவன் கெட்டவன் என்று தெரிய வேண்டும். அதற்கான அடையாளம் அந்தச் சிரிப்பு. அரியணையைப் பிடித்தாலும் அதே சிரிப்பு, இளவரசியைக் கடத்தினாலும் அதே சிரிப்பு. வைத்தியின் துள்ளலை அப்படி வேறொரு படத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. அது தரகனின் துள்ளல். அந்தத் தொழிலின் நெளிவுசுளிவுகள் தெரிந்தவனுக்கு மட்டுமே வரும்.

இப்படிப்பட்ட வில்லனால் கதைக்கு என்ன லாபம்? முதல் லாபம், அவனுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. சிறுவயதில் அடிபட்டான், அவமானப்பட்டான், அதனால் இப்படி ஆனான் என்று கால் மணி நேரம் பின்கதை ஓட்டுவது நம் படங்களின் பழைய வழக்கம். செய்வதை அனுபவித்துச் செய்கிறவனுக்கு அந்த முட்டு தேவையில்லை; ஒரே காட்சியில் ஆள் முழுதாகத் தெரிந்துவிடுகிறான். இரண்டாவது லாபம் இன்னும் பெரியது. நம் நாயகர்கள் பெரும்பாலும் தாமாக எதையும் தொடங்குவதில்லை. யாரோ தொந்தரவு செய்த பிறகுதான் எழுந்து வருகிறார்கள். கதையை நகர்த்துகிற ஆசை வில்லனுடையது. ‘கில்லி’யில் விஜய் கபடி ஆட மதுரைக்கு வந்த பையன், அவனுக்கு அங்கே வேறு வேலை கிடையாது. படத்தை ஓட வைப்பது முத்துப்பாண்டியின் பித்து. பிரகாஷ்ராஜ் அவனை ஒரு ரவுடியாக மட்டும் நடிக்கவில்லை; காதலில் விழுந்த விடலைப் பையனின் கொஞ்சலையும் சிணுங்கலையும் அவனுக்குக் கொடுத்தார். அந்தக் கொஞ்சலில்தான் படம் நிற்கிறது.

சிக்கலும் அங்கேயேதான் இருக்கிறது. முத்துப்பாண்டி தான் விரும்பும் பெண்ணின் அண்ணன்மாரைக் கொன்றவன். அவளைக் கட்டாயமாகக் கல்யாணம் செய்துகொள்ளத் துரத்துகிறவன். 2024இல் படம் மறுபடி திரைக்கு வந்து கொண்டாடப்பட்டபோது நம் வாயில் வந்தது அந்தச் செல்லக் கொஞ்சல்தான். இரண்டு சாவுகள் நினைவிலிருந்து நழுவிவிட்டன. களிப்பு தொற்றிக்கொள்ளும் தன்மையுடையது. வேலையில் மகிழ்கிற மனிதனைப் பார்த்தால், அந்த வேலை எதுவாக இருந்தாலும், மனம் ஒரு கணம் அவன் பக்கம் சாய்கிறது. இந்தச் சாய்வைக் கையாளத் தெரிந்த இயக்குநர்கள் இருக்கிறார்கள். அதைக் கைத்தட்டலாக மாற்றிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள்.

கே. பாலசந்தருக்குக் கையாளத் தெரிந்திருந்தது. ‘மூன்று முடிச்சு’ (1976) படகுக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கமல் தண்ணீரில் விழுந்து தத்தளிக்கிறார். ஸ்ரீதேவி கதறுகிறார். ரஜினி நீச்சல் தெரியாதவன் போல இருந்துகொண்டு துடுப்பைப் போடுகிறார். பாட்டைப் பாடியும் முடிக்கிறார். அந்த நிதானத்தில் ஒரு கொடிய நிறைவு இருக்கிறது. அதே படகில், கையெட்டும் தூரத்தில், காதலனை இழந்துகொண்டிருக்கும் பெண்ணின் முகமும் இருக்கிறது. அவனை ரசிக்கிற கண்ணுக்கு அவளிடமிருந்து தப்ப வழியில்லை. ஆகவே அந்த ரசனை தொண்டையில் சிக்குகிறது. வில்லனின் இன்பத்தைக் காட்டுவதில் இதைவிட நேர்மையான காட்சி தமிழில் அபூர்வம்.

அந்தப் படகிலிருந்த புதுமுகம்தான் பிறகு நம் மாபெரும் நாயகனானார் என்பதும் இங்கே முக்கியம். ‘பதினாறு வயதினிலே’ பரட்டையின் திமிர், சிகரெட், நடை எல்லாம் அப்படியே நாயகனின் சொத்தாயின. ‘காக்கி சட்டை’யில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அரங்கைத் தன் பக்கம் இழுத்த சத்யராஜும் அடுத்த ஆண்டே ‘கடலோரக் கவிதைக’ளின் நாயகன். பார்வையாளர்கள் வில்லனிடம் கண்ட உற்சாகத்தை நாயகன் எடுத்துக்கொண்டான். இன்று கொலையைச் சாவகாசமாக, புன்னகையோடு செய்வது நாயகன் வேலையாகிவிட்டது. பிறகு வில்லனுக்கு என்னதான் மிச்சம்? கொடூரத்தின் அளவைக் கூட்டுவதுதான். ‘ஜெயிலர்’ வர்மனின் அமிலத் தொட்டி அப்படி வந்ததே. விநாயகன் அருமையான நடிகர்; அந்தத் தொட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தால் வர்மன் தன் தொழிலில் எதை ரசிக்கிறான் என்று சொல்ல நமக்கு ஒன்றும் அகப்படாது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வில்லனை ரசிக்க விடும் இந்த வழக்கம் செய்த கேட்டைச் சொல்லாமல் போக முடியாது. எத்தனை படங்களில் வில்லனின் களிப்பு என்பது பெண்ணைப் பலாத்காரம் செய்யும் காட்சியாகவே எழுதப்பட்டது! கேமரா அவன் கண்ணோடு சேர்ந்து அவள் மேல் ஊர்ந்தது. அவனுடைய இன்பத்தில் அரங்குக்கும் ஒரு பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டது. பிறகு அண்ணனோ காதலனோ பழிவாங்க, கணக்கு தீர்ந்ததாகக் காட்டப்பட்டது. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) இந்த நோயைத் தொட்டது. அங்கே கொலைகள் படம் பிடிக்கப்படுகின்றன. வளர்ப்புத் தந்தை உட்கார்ந்து அதைப் பார்க்கிறான். திரையைப் பார்த்து இன்புறுகிறவனைத் திரையில் நிறுத்திய துணிச்சல் அது. ஆனால் அந்தப் படமே கடைசியில் பின்கதை சொல்ல ஆரம்பித்து, பெண்கள் செய்த தீங்கினால்தான் இவர்கள் இப்படியானார்கள் என்று ஒரு நியாயத்தைக் கையில் திணித்தது. துணிந்த இடத்திலேயே சறுக்கியது.

‘மாநாடு’ வேறு வகைச் சோதனை. முதலமைச்சரைக் கொன்று, பழியை ஒரு முஸ்லிம் இளைஞன் மேல் போட்டு, கலவரத்தைக் கிளப்பும் திட்டம் போலீஸ் அதிகாரி தனுஷ்கோடியின் கையில். ஒரே நாள் திரும்பத் திரும்ப வர, எஸ்.ஜே. சூர்யா அந்தப் போலீஸ்காரனின் சூழ்ச்சி, எரிச்சல், சலிப்பு, மறுபடி பிறக்கும் உற்சாகம் என்று அத்தனையையும் ஆடித் தீர்த்தார். தோற்ற வேலையை அடுத்த சுற்றிலேயே இன்னும் நன்றாகச் செய்ய முனையும் அந்த வேகம் பார்க்கத் தெவிட்டாது. தவறு நடிப்பில் இல்லை. எரியப்போகும் தெருக்களை, அங்கே குடியிருப்பவர்களைப் படம் போதுமான நேரம் காட்டவில்லை. அதனால் நாம் ஒரு சதுரங்க ஆட்டத்தைப் போல அதைப் பார்த்துவிட்டு வந்தோம்.

இதற்கு நேர்மாறான ஒன்று ‘மாமன்னன்’ படத்துக்கு நேர்ந்தது. ரத்னவேல் மகிழ்ச்சியே அறியாதவன். பந்தயத்தில் தோற்ற தன் நாயையே அடித்துக் கொல்லும் அளவுக்குச் சாதிப் பெருமையும் பயமும் அவனைத் தின்றுகொண்டிருக்கின்றன. ஃபகத் ஃபாசில் அதை அவ்வளவு கூர்மையாகச் செய்தார். 2023இல் படம் ஓடிடிக்கு வந்ததும், அவன் காட்சிகளை மட்டும் வெட்டியெடுத்துச் சாதிப் பாடல்களை ஒட்டி இணையத்தில் கொண்டாடினார்கள். படத்தில் இல்லாத களிப்பை வெளியிலிருந்து கொண்டுவந்து அவனுக்குப் பூட்டினார்கள். இயக்குநர் மாரி செல்வராஜ் எவ்வளவு கவனமாக இருந்தாலும், வில்லனின் மிடுக்கைக் கும்பிடப் பழகிய கண்களுக்கு முன்னால் அந்தக் கவனம் போதவில்லை. அந்தப் பழக்கத்தை அறுபது ஆண்டுகளாக வளர்த்தது நம் சினிமாதான். அவரைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

களிப்பே இல்லாத கொடுமை இன்னொன்றும் உண்டு. ‘விசாரணை’யில் போலீஸ்காரர்கள் அடிக்கிறார்கள். பெரிய இடத்துத் திருட்டு வழக்கை முடிக்க வேண்டும், மேலே பதில் சொல்ல வேண்டும். ஆகவே பிழைக்க வந்த கூலிக்காரர்களை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். அங்கே வன்முறை அலுவலக வேலைபோல நடக்கிறது. நம் ஊரில் மனிதர்களை அதிகம் நசுக்குவது அந்த மாதிரி வேலைதான். அதற்குச் சிரிப்பும் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. ரசிக்கும் வில்லனையே பார்த்துப் பழகினால், சிரிக்காமல் கோப்பில் கையெழுத்திடுகிறவனை வில்லன் என்று அடையாளம் காணவே நமக்குத் தெரியாமல் போகும். இந்த வழக்கத்தின் ஆகப் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான்.

அதற்காக வைத்தியை இழக்க எனக்கு மனமில்லை. அடுத்த வில்லனை எழுதுகிறவர்களிடம் கேட்பது இரண்டுதான். அவன் தொழில் என்ன, அதில் எந்த நுணுக்கம் அவனை மகிழ்விக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மகிழ்ச்சிக்கு யார் விலை கொடுக்கிறாரோ அவரையும் அதே படகில் உட்கார வையுங்கள்.