கச்சானில் ஒரு பைரவி

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம் எடுக்கக் காத்திருக்கும் சீனன்குடாப் பிள்ளைக்கு என் சிபாரிசு ஒன்றுதான்: பைரவி அட தாள வர்ணம். பச்சிமிரியம் ஆதியப்பையர் செய்த ‘விரிபோணி’. புதுக் கீர்த்தனைகளைக் குவிப்பதைவிட விடுமுறை முழுக்க இதையே சாதகம் செய்யலாம்.

தாளத்துக்கு 14 அட்சரம்: ஐந்து, ஐந்து, இரண்டு, இரண்டு. ஆதி தாளத்தின் எட்டில் பழகிய கை முதலில் தடுமாறும். முதற்காலத்தில் மூச்சு போதாது; இரண்டாங்காலத்தில் கமகம் கரைந்துவிடும். மெதுவாகப் பாடுவதே கடினம். ஏறும்போது சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம். இரண்டும் பிசகாமல் விழுகிற கணம் இருக்கிறதே, அதற்காகவே எத்தனை முறையும் பாடலாம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் தொண்டை வறண்டுவிடும். ஆகவே விடியமுன், விமானத்தளப் பக்கத்து இரைச்சல் தொடங்குமுன், சுருதிப்பெட்டியோடு உட்கார வேண்டும். (கைபேசிச் சுருதியும் போதும், பழைய ஆட்கள் முகம் சுளிக்கட்டும்.) பட்டப்படிப்புக்கு மட்டக்களப்பில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், யாழ்ப்பாணத்தில் இராமநாதன் ஆற்றுகை மற்றும் காண்பியக் கலைகள் பீடம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வர்ணத்தின் முக்தாயி சுவரம் தடங்கலின்றி வரட்டும்.